மூன்று அடைப்பு: ஏன் அந்த இடங்களில் மட்டும்?

"எனக்கு மூண்டு அடைப்பு. ஒண்டு எண்பது வீதம்."

"எனக்கு இரண்டுதான். ஆனா ஒண்டு கூடாத இடத்தில எண்டு டொக்டர் சொன்னவர்."

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடோ செத்தவீடோ, ஐம்பது கடந்த ஆம்பிளையள் நாலு பேர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தால் கதை கொஞ்ச நேரத்தில் இங்கேதான் வந்து நிற்கும். அஞ்சியோகிராம் எங்கே செய்தது, ஸ்டென்ட் எத்தனை வைத்தது, காலில் நரம்பெடுத்துப் பைபாஸ் செய்த தழும்பு எவ்வளவு நீளம். இதைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, அதிலிருக்கிற ஒரு விசித்திரம் எங்களுக்கு உறைக்கவேயில்லை. போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒருத்திதான் கேட்டாள்: "அப்பான்ர உடம்பு முழுக்க ஓடுறது ஒரே இரத்தம். அதிலிருக்கிற கொழுப்பும் ஒரே கொழுப்பு. அப்ப ஏன் மூண்டு இடத்தில மட்டும் படிஞ்சது? கையில ஏன் படியேல்லை?"

பதில் தேடப் போனோம். 150 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சண்டைக்குள் போய் விழுந்தோம்.

முதலில் சொற்கள். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு போவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதையே தமனி, சிரை என்று படிக்கிறார்கள். அவர்களுக்கு வளர்சிதை மாற்றம், எங்களுக்கு அனுசேபம். அவர்களுக்குத் திசு, எங்களுக்கு இழையம். இந்தக் கட்டுரையில் எங்கட சொற்களையே பாவிக்கிறோம், கோபிக்க வேண்டாம். உடற்கூற்றைத் தமிழில் எழுதுகிற வேலை இந்தக் குடாநாட்டில் புதிதும் இல்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த வருஷம் மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார். 1860களில் மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். இங்கிலீஷில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரோடு நிற்பார்கள் என்பது அவருடைய கணக்கு. (ஊரோடு நிற்கிற டொக்டர்மார் பற்றிய கவலை அப்பவே இருந்திருக்கு.) மாணவர்களோடு சேர்ந்து அவர் பெயர்த்த நூல்களில் ஒன்று, 1872இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்'. லண்டனில் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம் அது.

அதே 1858இல் பெர்லினில் இன்னொரு புத்தகம் வந்தது. நோய் என்பது கலங்களில் நடக்கிற காரியம் என்று சொன்ன ருடோல்ஃப் விர்ச்சோவின் நூல். நாடி பற்றிய சண்டையில் ஒரு பக்கம் அவர், மற்றப் பக்கம் வியன்னாவில் கார்ல் வொன் ரொக்கிடன்ஸ்கி. பல்லாயிரம் பிரேதங்களைப் பார்த்த ரொக்கிடன்ஸ்கி, நாடியின் உள்பக்கத்தில் காணும் தடிப்பு இரத்தத்திலிருந்து வந்து மேலே ஒட்டிய படிவு என்றார். விர்ச்சோ இல்லை என்றார். தடிப்பு சுவரின் மேலே இல்லை, உள்ளணிக்கு அடியில், சுவருக்குள்ளே இருக்கிறது, ஆகவே அது சுவரில் நடக்கிற அழற்சி. ஒருவருக்குச் சுவர் வெறும் குழாய். மற்றவருக்கு அது உயிருள்ள இழையம். மனுஷ அங்காதிபாதம் மானிப்பாயில் பாடமாக இருந்த காலத்தில் ஐரோப்பாவில் இந்த வழக்கு தீரவில்லை.

நோயின் பெயர் பிறகுதான் வந்தது. 1904இல் பெலிக்ஸ் மார்சாந்த் என்ற ஜெர்மானியர் 'அதெரொஸ்கிளெரோசிஸ்' என்று வைத்தார். கிரேக்கத்தில் 'அதெரே' என்றால் கூழ், 'ஸ்கிளெரோஸ்' என்றால் கடினம். தடிப்பை வெட்டினால் உள்ளே மஞ்சளாகக் களிபோல ஒன்று வரும், அதைப் பார்த்து வைத்த பெயர். கூழ்க்கடினம்! ஒடியல் கூழுக்குப் பேர்போன ஊரில் இந்தப் பெயரை யாரும் தமிழாக்கிப் பார்க்கவில்லையே என்று எங்களுக்கு ஒரு சின்ன மனவருத்தம்.

கூழில் இருந்தது என்ன என்பதை 1910இல் அடோல்ஃப் வின்டவுஸ் அளந்தார். நோயுற்ற பெருநாடியில், கொழுப்பமிலத்தோடு சேர்ந்த கொலஸ்திரோல் நல்ல பெருநாடியில் இருப்பதை விட 20 மடங்குக்கும் மேல். மூன்று வருஷம் கழித்து சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நிகொலாய் அனிச்கோவும் கலாட்டோவும் கொலஸ்திரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயல்களின் நாடிகளில் அதே தடிப்பு. வெறும் எண்ணெய் குடித்த முயல்களுக்கு ஒன்றுமில்லை. கொலஸ்திரோல் பற்றி நாங்கள் இண்டைக்குக் கதைக்கிற கதையெல்லாம் இந்த முயல்களில்தான் தொடங்குகிறது. ஆனால் அனிச்கோவ் கவனித்த இன்னொன்று அவ்வளவு பேசப்படவில்லை. முயலின் இரத்தம் முழுவதும் கொலஸ்திரோலால் கொழுத்திருந்தும் தடிப்பு எல்லா இடமும் வரவில்லை. பெருநாடியின் வளைவிலும் கிளை நாடிகள் பிரியும் வாய்களிலும்தான் முதலில் வந்தது. எங்கட சிநேகிதி கேட்ட கேள்வி 1913ஆம் ஆண்டு முயலிலேயே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு உலகம் பெரும்பாலும் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டது. யார் எவ்வளவு கொழுப்புச் சாப்பிடுகிறார்கள், எந்த நாட்டில் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற எண்ணிக்கைகள். அதிலும் எங்களைத் தொடுகிற இரண்டு உண்டு. 1959இல் சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜும் கூட்டாளிகளும் பிரேத பரிசோதனைப் பதிவேடுகளைக் கிளறி, அங்கிருந்த இந்தியர்களிடம் முடியுருநாடி நோய் சீனர்களைவிடப் பல மடங்கு கூட என்று எழுதினார்கள். அந்த இந்தியர்களில் பெரும்பங்கு தமிழர். 1967இல் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களின் மரணங்களை எண்ணினார். நெய்யும் பாலுமாகச் சாப்பிட்ட பஞ்சாபிகளைவிட, மிகக் குறைவாகக் கொழுப்புச் சாப்பிட்ட தெற்கத்தி ஊழியர்கள் இதய நோயால் சாவது ஏழு மடங்கு அளவு கூடுதலாக இருந்தது. உணவுதான் காரணம் என்று உறுதியாக இருந்தவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். கொலஸ்திரோல் வேண்டாம் என்று இது சொல்லவில்லை, அது இல்லாமல் இந்த நோய் வராது. அதை வைத்து மட்டும் கதை முடியாது என்பதுதான் விஷயம். தேங்காய்ப்பால் நல்லதா கெட்டதா என்ற சொதிச் சண்டைக்குள் நாங்கள் இப்ப இறங்கப்போவதில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேணும்.

இதற்கிடையில் 1953இல் வந்த ஓர் அறிக்கை எல்லோரையும் உலுக்கியது. கொரியப் போரில் செத்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை மருத்துவர்கள் திறந்து பார்த்தார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் முடியுருநாடிகளில் கண்ணால் காணக்கூடிய நோய். அதுவரை இது கிழவர்களின் வருத்தம் என்று இருந்தது. பிறகு 1987 முதல் 1994 வரை அமெரிக்காவில் விபத்திலும் கொலையிலும் தற்கொலையிலும் இறந்த 15 முதல் 34 வயதுக்காரர்களை ஆராய்ந்தபோது, 15–19 வயதுப் பிள்ளைகளின் பெருநாடிகள் அத்தனையிலும் ஏதோ ஓர் ஆரம்பக் கொழுப்புத் தடம் இருந்தது. அதாவது இதை வாசிக்கிற உங்களுக்கும் எழுதுகிற எங்களுக்கும் அது அநேகமாகத் தொடங்கியாச்சு. 22 வயது என்ற எண்ணை வாசித்தபோது எங்களுக்கு வேறொன்றும் வந்து போனது. எங்கட ஊரில் அந்த வயதில் போரில் செத்தவர்கள் பலரின் உடம்புகூட வீட்டுக்கு வந்து சேரவில்லை, ஆராய்ச்சி எங்கே.

இந்த இளம் நாடிகளிலும் தடம் அதே இடங்களில்தான். கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்தின் வெளிச்சுவர். வயிற்றுப் பெருநாடியின் முதுகுப்பக்கம். இடது முடியுருநாடி பிரிந்த உடனே வருகிற முதல் சில சென்ரிமீற்றர். ஆயிரக்கணக்கான ஆட்களில் ஒரே வரைபடம்.

காரணம் ஓட்டத்தில் இருக்கலாம் என்று 1960களில் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். அமெரிக்காவில் டொனால்ட் ஃப்ரை, இரத்தம் வேகமாக உரசும் இடத்தில் சுவர் காயப்பட்டு நோய் வருகிறது என்று கருதினார். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். 1969இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கொலின் கேரோவும் இருவரும் அதைத் தலைகீழாக்கினார்கள்: வேகமாக உரசும் இடம் தப்பிவிடுகிறது, உரசல் குறைந்த இடத்தில்தான் கொழுப்புச் சேர்கிறது. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறியவர்களுக்கு இது விளங்கும். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணி வாய்க்காலில் நேராகப் போகும்போது அடி துப்பரவாக இருக்கும். திரும்புகிற மூலையில், தண்ணி மெதுவாகிச் சுழலும் பக்கத்தில் மண்ணும் சருகும் தங்கும். கேரோ சொன்னது நாடியின் மூலைகளை. 1983இல் சிக்காகோவில் கிளகொவும் மற்றவர்களும் கழுத்து நாடியின் மாதிரி ஒன்றில் ஓட்டத்தை அளந்து, பிரேதங்களின் நாடிகளில் இருந்த தடிப்போடு ஒப்பிட்டபோது கேரோ சொன்னதுதான் பொருந்தியது.

ஆனால் வாய்க்கால் உவமையை இதற்கு மேல் இழுத்தால் பிழைத்துப்போகும். வாய்க்காலின் கரைக்குத் தண்ணி எப்படி ஓடுகிறது என்று தெரியாது. நாடிக்குத் தெரியும். உள்ளே ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும் அகவணிக் கலங்கள் ஓட்டத்தை உணர்கின்றன. நேராக ஓடும் இடத்தில் ஓட்டத்தின் திசைக்கு நீண்டு, ஒழுங்காகப் படுத்திருக்கும். சுழலும் இடத்தில் திசையில்லாமல் உருண்டு கிடக்கும், கெதியாகச் செத்துப் பிறக்கும், சுவருக்குள் ஆட்களை விடுகிற கதவும் தளர்ந்திருக்கும். 1970களில் கனடாவில் பெல், ஷ்வார்ட்ஸ் முதலானோர் நோயில்லாத பன்றிகளின் இரத்தத்தில் நீலச்சாயம் ஒன்றைச் செலுத்தினார்கள். பிறகு பெருநாடியைப் பிளந்து பார்த்தால் ஒரே சுவரில் நீலத் திட்டும் வெள்ளைத் திட்டும். நீலமான இடங்கள் அல்புமினையும் கொழுப்பையும் கூடுதலாக உள்ளே எடுத்தவை, பின்னாளில் நோய் வரக்கூடிய இடங்கள். நீலத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் வேறாக வெட்டி எடுத்து, ஒவ்வொன்றும் கொழுப்பை என்ன செய்கிறது, எவ்வளவு வேகத்தில் செய்கிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். கொழுப்பு அனுசேபம் ஈரலில் மட்டும் நடக்கிற விஷயம் என்றுதான் நாங்கள் உயர்தரத்தில் நினைத்துக்கொண்டிருந்தோம். நாடிச் சுவரும் அதைச் செய்கிறது, இடத்துக்கு இடம் வேறு மாதிரி.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 1989இல் ஷ்வென்கேயும் கேரியூவும் செய்த முயல் ஆராய்ச்சி. கெட்ட கொழுப்பு என்று கிளினிக்கில் சொல்கிற எல்.டி.எல். துணிக்கைகளுக்கு அடையாளமிட்டு, அவை சுவருக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணினார்கள். நோய் வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் இருந்த முக்கிய வித்தியாசம் எவ்வளவு உள்ளே போனது என்பதில்லை. உள்ளே போனதில் எவ்வளவு தங்கிவிட்டது என்பது. கொழுப்பு எல்லா இடமும் போய் வருகிறது, சில இடங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதுவும் கண்ணுக்குத் தடிப்பு எதுவும் தெரிவதற்கு முன்பே. சுவரிலுள்ள, சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரத இழைகளில் அந்தத் துணிக்கைகள் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியதை அகற்ற வரும் வெண்குழியங்கள் பெருந்தின்கலங்களாகி விழுங்கி விழுங்கிக் கடைசியில் நுரைபோல ஊதி அங்கேயே கிடந்து சாகின்றன. அதுதான் கூழ். விர்ச்சோ பாதி சரி, கொழுப்பு இரத்தத்திலிருந்து வருகிறது என்ற அளவில் ரொக்கிடன்ஸ்கியும் கொஞ்சம் சரி.

சரி, எல்லாம் ஓட்டம்தானா? சுவரின் ஒரு துண்டை ஓட்டம் வேறான இடத்தில் கொண்டுபோய் வைத்தால்? 1960களில் நியூயோர்க்கில் ஹைமோவிச்சி நாய்களில் இதைச் செய்தே பார்த்தார். வயிற்றுப் பெருநாடியில் ஒரு துண்டை வெட்டி நெஞ்சுப் பெருநாடியில் தைத்தார், நெஞ்சுத் துண்டை வயிற்றில் தைத்தார். கொழுப்பூட்டியபோது நெஞ்சுக்குப் போன வயிற்றுத் துண்டு வயிற்றைப் போலவே நோய்ப்பட்டது. வயிற்றுக்குப் போன நெஞ்சுத் துண்டு பெரும்பாலும் தப்பியது. ரொறன்ரோவுக்குப் போய் முப்பது வருஷம் கழிந்தும் ஊர்க் குணம் மாறாத ஆட்களை எங்களுக்குத் தெரியும், நாடியும் அப்படித்தான் போல. பின்னால் வந்த முளையவியல் ஒரு காரணம் சொல்கிறது: பெருநாடி வளைவின் தசைக்கலங்களும் அதற்குக் கீழே போகும் பகுதியின் தசைக்கலங்களும் முளையத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. ஒரே குழாய்போலத் தெரிந்தாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

இந்த அறிவு சத்திரசிகிச்சையில் வேலை செய்வதை எங்கட அப்பாமாரின் நெஞ்சிலேயே காணலாம். நெஞ்செலும்புக்குப் பின்பக்கம், இரண்டு கரையாலும் இறங்குகிற உள்மார்பு நாடி என்று ஒன்று உண்டு. அதில் கொழுப்புப் பிடிப்பது மிக அரிது. மொன்றியலில் ஆர்தர் வைன்பெர்க் 1950இல் அதை மனித இதயத் தசைக்குள் நேரே செருகிப் பார்த்தார். 1964இல் லெனின்கிராட்டில் வசிலி கொலெசோவ் அதை முடியுருநாடியோடு தைத்தார். அப்போது பலர் கவனிக்கவில்லை, காலிலிருந்து நாளத்தை எடுத்து ஒட்டும் முறைதான் 1967க்குப் பிறகு பரவியது. ஆனால் காலில் ஒருநாளும் கொழுப்புப் பிடிக்காத நாளம், இதயத்தின் மேல் நாடியின் அமுக்கத்தில் வைத்ததும் சில வருஷங்களில் பிடிக்கத் தொடங்குகிறது. உள்மார்பு நாடி அங்கே போயும் பிடிப்பதில்லை. 1986இல் கிளீவ்லாண்டிலிருந்து வந்த பத்து வருஷக் கணக்கு, உள்மார்பு நாடி வைத்தவர்கள் கூடுதலாக உயிரோடு இருந்ததைக் காட்டிய பிறகு அதுவே வழமையாயிற்று. இடமும் முக்கியம், சுவரும் முக்கியம்.

நாங்கள் இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு ஒரு வீட்டுக் காரணமும் உண்டு. எங்களில் ஒருவரின் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் ஆறு மாதத்தில் குளிசைகளை விட்டுவிட்டார். "அடைப்பை எடுத்தாச்சு, பைப் கிளியர், பிறகென்னத்துக்குக் குளிசை?" இரண்டு வருஷத்தில் மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்த இடத்தில் இல்லை, வேறொரு இடத்தில். ஆள் தப்பிவிட்டார், ஆனால் சைக்கிளில் சந்தைக்குப் போய்வந்த மனுஷன் இப்ப கேற்றடி மட்டும்தான். அவரைப் பிழை சொல்ல எங்களால் ஏலவில்லை. 'அடைப்பு' என்ற சொல்லே அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது. குழாயில் ஊத்தை அடைத்தது, கம்பி விட்டுக் குத்தி எடுத்தாச்சு.

சுவர் அப்படி நடப்பதில்லை. 1987இல் கிளகொவ் காட்டினார்: கொழுப்புச் சேரச் சேர நாடி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. சுவரின் உள் மீள்படலம் சூழ்ந்திருக்கும் பரப்பில் ஏறத்தாழ 40 வீதத்தைக் கூழ் பிடிக்கும் வரை உள்ளே ஓடும் வழி ஒடுங்குவதேயில்லை. அஞ்சியோகிராம் காட்டுவது ஓடும் வழியைத்தான், சுவரை இல்லை. அடுத்த வருஷம் வந்த ஆய்வுகளில், மாரடைப்பு வந்தவர்களின் பழைய அஞ்சியோகிராம்களை எடுத்துப் பார்த்தால், பின்னர் மாரடைப்பைக் கொண்டுவந்த இடம் பெரும்பாலானவர்களில் முன்பு 50 வீதத்துக்கும் குறைவான ஒடுக்கமாகத்தான் இருந்திருக்கிறது. சின்னத் தடிப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, சில நிமிடத்தில் மூடுகிறது. 80 வீத அடைப்பை ஸ்டென்ட் திறந்து நெஞ்சு நோவைக் குறைக்கும், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது உயிரையும் காக்கும். மிச்சச் சுவர் முழுவதையும் கவனிக்கிறது அந்தக் குளிசைதான். இதைச் சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்த எங்களுக்கு நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. 'சுவர் வருத்தம்' என்று சொல்லிப் பார்த்தோம். "என்ன, வீட்டுச் சுவரோ?" என்றார். கிறீனும் மாணவர்களும் இருந்து சொல் தேடிய கஷ்டம் அப்பதான் கொஞ்சம் விளங்கினது.

எங்கட சிநேகிதி அப்பாவின் அறிக்கையைக் கொண்டுவந்திருந்தாள். படத்தை விரித்துவைத்துப் பார்த்தோம். ஒன்று இடது முடியுருநாடி பிரிந்து சற்றுக் கீழே. மற்ற இரண்டும் கிளை பிரியும் வாய்களுக்குக் கிட்ட. அதே நாடியில் இன்னும் கொஞ்சம் கீழே, தசைக்குள் புதைந்து போகிற ஒரு துண்டு, துப்பரவாக இருந்தது. அப்படித் தசைக்குள் போகும் துண்டுகள் அநேகமாகத் தப்பிவிடும் என்றும் வாசித்திருந்தோம். அன்றைக்குப் பின்னேரம் அவள் அப்பாவை இருத்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், வாய்க்கால் உவமையோடு. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையிலிருந்த குளிசைப் பெட்டியை எடுத்து அன்றைய அறையைத் திறந்துகொண்டே சொன்னாராம்: "அப்ப எனக்கு மூலையில்லாத வாய்க்காலா வெட்டித் தந்திருக்கலாமே பிள்ளை."